ஏனம் வெறுமையாகத் திரும்பாது

ஆய்வு நெறிமுறைக் குழுவின் நடைமுறைக் கோவையில் பதினான்காம் விதிக்கு இரண்டு பகுதிகள் உண்டு. முதற்பகுதி: ஆய்வின் பெறுபேறுகளை, குழுவின் எழுத்துமூல அனுமதியின்றி, ஆய்வில் பங்குபற்றியவர் உட்பட எவருக்கும் வெளிப்படுத்தலாகாது. இரண்டாம் பகுதி: அவ்வனுமதி கோரும் கடிதத்துக்கு, அது உரிய வழியூடாகக் கிடைத்த நாளிலிருந்து முப்பது நாள்களுக்குள் குழு பதிலளித்தல் வேண்டும்.

முதற்பகுதி எழுத்துக்கு எழுத்துப் பின்பற்றப்பட்டது. இரண்டாம் பகுதியில் 'உரிய வழியூடாக' என்ற சொற்களைச் சேர்த்தவன் நான். அப்போது பல்கலைக்கழகத்தில் துணைப் பதிவாளர். அந்தக் குழுவுக்குச் செயலாளர். இப்போது ஓய்வூதியன்.

அவருடைய பெயரை எழுதப் போவதில்லை. வலிகாமத்தில் பயிர் செய்யும் தோட்டக்காரர் அவரைக் 'கிணத்து மிஸ்' என்றார்கள். அது போதும்.

மனிதச் சூழலியல் படிப்பிக்க வந்தவர் அவர். அந்தப் பாடத்துக்கு ஒரு துறை இருக்கவில்லை. புவியியல் துறையின் மூலையொன்றில், பழைய தேசப்படச் சுருள்களுக்கு நடுவே, அவருக்கு ஒரு கதிரை கொடுத்தார்கள். பல்கலைக்கழகத்தின் தூரநோக்குக் கூற்றில் 'நிலைபேறு' என்ற சொல் மூன்று இடங்களில் வரும். அந்தக் கூற்று சட்டமிடப்பட்டு என் அலுவலகச் சுவரில் தொங்கியது. அதற்கு நேர் கீழே இருந்த தண்ணீர்க் குழாய், நான் அந்தப் பதவிக்கு வந்த நாளிலிருந்து ஒழுகிக்கொண்டிருந்தது. கடமையேற்கக் கையெழுத்துப் போட வந்தவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

“சேர், இதுக்கு ஒரு வோஷர் போட்டால் காணும்.”

“பராமரிப்புப் பகுதிக்கு எழுதிக் கிடக்கு.”

“எப்ப எழுதினது?”

கோவையைத் திறக்காமலே திகதியைச் சொன்னேன். அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. அவர் சிரித்தார். அடுத்த நாள் கைப்பையிலிருந்து ஒரு வோஷரை எடுத்து, தானே பூட்டிவிட்டுப் போனார். அனுமதியின்றிப் பல்கலைக்கழக உடைமையில் கைவைத்ததற்கு விளக்கம் கேட்டிருக்கலாம். கேட்காமல் விட்டதை என் பெருந்தன்மை என்று நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்திருந்தார். குருநகர்ப் பக்கத்துப் பிள்ளை, கத்தோலிக்கர். தாய் பனையோலைக் கடகத்தில் மீனோடு பஸ் ஏறி நீர்வேலிப் பக்கம் போய் விற்றவர். திரும்பி வரும்போது கடகத்தில் ஒரு சீப்பு வாழைப்பழமோ நாலு கத்தரிக்காயோ இருக்கும். கையில் ஒரு பிளாஸ்டிக் கான் நிறைய நல்ல தண்ணீர் இருக்கும். கரையில் அவர்கள் கிணறு உவர்.

“அம்மா வெறுங்கடகத்தோடை வந்ததை நான் காணேல்லை, சேர். வெறுங்கடகத்தோடை அவவை ஒருத்தரும் அனுப்பவுமில்லை.”

ஒரு வெள்ளிக்கிழமை என் மனைவி வேலிக்கு மேலால் ஒரு தட்டு மோதகம் கொடுத்தார். மனைவி அப்போது உயிரோடு இருந்தார். அரை மணித்தியாலத்தில் தட்டு திரும்பி வந்தது. மூடியிருந்த வாழையிலையை நீக்கினால், உள்ளே இறால் கருவாடு.

“முருகா! வெள்ளிக்கிழமை!” என்றார் மனைவி.

வேலிக்கு அந்தப் பக்கம் அவர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். “ஐயோ அக்கா! வெறுந்தட்டைத் தரக் கூடாதெண்டு தேடினனான். வீட்டிலை வேறை ஒண்டும் இருக்கேல்லை.”

மனைவி அன்று முழுவதும் சிரித்தார். கருவாடு ஞாயிற்றுக்கிழமை வரை கிணற்றடியில் ஒரு தகரப் பேணிக்குள் ஒளித்திருந்து, பிறகு கத்தரிக்காயோடு சேர்ந்து குழம்பானது. அதன்பிறகு எங்கள் வீட்டுத் தட்டுகள் எவையும் எங்கள் வீட்டில் நிலையாக இருந்ததில்லை.

வகுப்பிலும் இதே ஆள்தான். முதல் நாள் ஒவ்வொரு மாணவரையும் தங்கள் வீட்டுக் கிணற்றிலிருந்து ஒரு போத்தல் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். போத்தல்களை மேசையில் வரிசையாக வைத்தார். “ஆர் ஆரின்ரை தண்ணியைக் குடிக்கிறியள்?” என்று கேட்டார். எல்லோரும் தங்கள் தங்கள் போத்தலைத்தான் எடுத்தார்கள். ஒருவன் பகிடியாக, “மிஸ், உவன்ரை ஊர்த் தண்ணியைக் குடிச்சால் அம்மா வீட்டுக்கை விடா” என்றான். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து அவர் சொன்னார்: “வேலி நிலத்துக்கு மேலைதான் கிடக்கு. கீழை சுண்ணாம்புக் கல்லு. அதுக்குள்ளை இருக்கிறது ஒரே தண்ணி. நீ உன்ரை தோட்டத்துக்குப் போடுற யூரியாவை அவன் குடிக்கிறான். அவன்ரை மலகூடக் குழியை நீ குடிக்கிறாய்.” அன்று சிற்றுண்டிச்சாலையில் தண்ணீர்ப் போத்தல்கள் விற்றுத் தீர்ந்தன என்று ஒரு முறைப்பாடு என் மேசைக்கு வந்தது. அதைக் கோவைப்படுத்தினேன்.

மூன்றாம் ஆண்டில் தோட்டக் கிராமம் ஒன்றின் நாற்பது கிணறுகளை ஆராய விண்ணப்பித்தார். கிராமத்தின் பெயர் வேண்டாம். பெயர் வெளிவரக் கூடாது என்பதும் நிபந்தனை. விண்ணப்பப் படிவத்தில் 'பங்குபற்றுநருக்குக் கிடைக்கும் பயன்' என்ற கட்டத்தில் அவர் எழுதியிருந்தது: 'எடுத்த ஏனம் வெறுமையாகத் திரும்பாது.'

“மிஸ், இது படிவத்துக்கு ஏற்ற வசனமில்லை.”

“ஏன் சேர், விளங்கேல்லையோ?”

“எனக்கு விளங்குது. குழுவுக்கு விளங்கக் கூடாது எண்டில்லை, ஆனால் குழுவின்ரை பாசையிலை வர வேணும்.”

'பெறுபேறுகள் அந்தந்த வீட்டாருக்குத் தெரிவிக்கப்படும்' என்று திருத்தித் தந்தார். குழு அதன் பின்னால் ஐந்து சொற்கள் சேர்த்தது: 'குழுவின் எழுத்துமூல அனுமதி பெற்ற பின்னர்.' கிணற்றுக்குப் பெயர் கெட்டால் காணிக்கும் பெயர் கெடும், ஊர் பதறும் என்றார்கள். நியாயம்தான். எல்லா நிபந்தனைகளுக்கும் ஒரு நியாயம் இருக்கும். நிபந்தனைகளைப் பற்றி நான் அறிந்ததில் அது முக்கியமானது.

அனுமதி வரும்வரை ஏனத்தை, வாங்கிய பாத்திரத்தை, எப்படி வெறுமையாகத் திருப்புவது? அதற்கும் அவர் ஒரு வழி வைத்திருந்தார். எந்த வீட்டில் எவ்வளவு தண்ணீர் எடுத்தாரோ, அவ்வளவு நல்ல தண்ணீரை அதே கானில் கொண்டுபோய்க் கொடுத்தார். ஸ்கூட்டியின் காலடியில் இரண்டு கான், பின்சீட்டில் இரண்டு. ஆய்வுகூடத்துக்கு ஒரு சிறு போத்தல் தண்ணீர் போதும். அவர் ஐந்து லீற்றர் எடுத்தார். ஐந்து லீற்றர் கொடுத்தார்.

அந்த நாற்பதில் ஒரு வீடு. வெங்காயம் செய்து சுன்னாகம் சந்தைக்குக் கொண்டுபோகிறவர் வீட்டுக்காரர். முப்பது வயதிருக்கும். தன் கிணற்றைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நிறுத்தமாட்டாராம்.

“மிஸ், எங்கடை தண்ணியிலை தேத்தண்ணி போட்டால் சீனி அரைக் கரண்டி குறையப் போடலாம். வெளிநாட்டிலையிருந்து வாற சனம் போத்திலிலை அடைச்சுக்கொண்டு போகுது.”

நாற்பது கிணறுகளில் மிக மோசமானது அதுதான். தோட்டத்துக்குக் கொட்டிய பசளை நைத்திரேற்றாகி அதில் இறங்கியிருந்தது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, உருசியில்லை. வளர்ந்தவர்களுக்கு உடனே ஒன்றும் செய்யாது. போத்தல் பால் குடிக்கும் கைக்குழந்தைக்கு, இரத்தம் மூச்சுக்காற்றைக் காவிச் செல்ல முடியாமல் செய்துவிடும். பெறுபேறு வந்தபோது அந்த வீட்டில் மனைவிக்கு மாதம் நிரம்பியிருந்தது.

பெறுபேறு வந்த அன்றே அனுமதி கேட்டுக் கடிதம் எழுதி, என் கையிலேயே தந்தார்.

கடிதத்தில் 'ஊடாக: துறைத் தலைவர்' என்ற வரி இருக்கவில்லை. ஒன்பதாம் நாள், 'உரிய வழியூடாகச் சமர்ப்பிக்கவும்' என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பி அனுப்பினேன். ஏன் ஒன்பது நாள் என்று கேட்கலாம். என் மேசையில் வரிசை என்று ஒன்று இருந்தது. அந்த வாரம்தான் அந்த வீட்டில் பிள்ளை பிறந்தது. துறைத் தலைவர் விடுமுறையில் இருந்தார். அவர் வந்து ஒப்பமிட்டுக் கடிதம் என்னிடம் இரண்டாம் முறை வர மேலும் பன்னிரண்டு நாள். நான் பெற்றுக்கொண்டமைக்கு முத்திரை குத்தினேன். முத்திரை நேராக விழுந்தது.

தாய்க்குப் பால் போதவில்லை, பிள்ளைக்குப் போத்தல். மிஸ் தினமும் அந்த வீட்டுக்குப் போகத் தொடங்கினார். ஆய்வுக்குத் தினமும் தண்ணீர் வேண்டும் என்று சொல்லி அவர்கள் கிணற்றில் ஒரு கான் எடுத்தார். பதிலுக்கு ஒரு கான் கொடுத்தார். “மாறித் தந்த தண்ணியிலைதான் சின்னவனுக்குப் பால் கரைக்க வேணும், அதையும் எழுதிக்கொண்டு வாறன்” என்றும் சொல்லிவைத்தார். அந்த வீட்டார் அதைப் படித்த ஆட்களின் விசர் என்று எடுத்துக்கொண்டார்கள். எடுத்த தண்ணீரை அவர் வீதியோரத்தில் ஊற்றிவிடுவதை ஒருநாள் நானே கண்டேன்.

“முப்பது நாள்தானே, சேர்” என்றார் என்னிடம். “பதில் வந்திடும். வந்தவுடனை சொல்லிப்போடுவன். இப்ப சொன்னால் மற்ற முப்பத்தொன்பது வீடும் கதவைச் சாத்தும். என்ரை நிரந்தர நியமனமும் போம்.” பிறகு, சிரிக்காமல், “வரும்தானே?” என்றார்.

“விதியிலை இருக்கு.”

பொய் சொல்லவில்லை. விதியில் இருந்தது.

பிறகு அவருக்கு டெங்கு வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து என்னை அழைத்தார். குரல் காய்ந்திருந்தது.

“சேர், ஒரு உதவி. ஒரு வீட்டுக்குத் தினமும் ஒரு கான் தண்ணி கொண்டுபோய்க் குடுக்க வேணும். விலாசம் சொல்லுறன்.”

“சொல்லாதையுங்கோ, மிஸ். நான் குழுச் செயலாளர். பங்குபற்றுநரின்ரை விலாசம் எனக்குத் தெரியவே கூடாது.”

“சேர், பச்சைப்பிள்ளை.”

“முதலிலை உங்கடை காய்ச்சலைப் பாருங்கோ. திங்கட்கிழமை துறைத் தலைவரோடை கதைச்சு ஒரு ஒழுங்கு பண்ணலாம்.”

பிறகு தொடர்பு அறுந்தது. அன்று வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை வேறு ஒரு கூட்டம் இருந்தது.

அடுத்த வெள்ளி நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பரிவால் போனதாகச் சொல்ல ஆசைதான். அவருடைய சுகவீன விடுமுறைப் படிவத்தில் ஒப்பம் வாங்கப் போனேன். குறித்த நாளுக்குள் வராவிட்டால் சம்பளத்தில் பிடிப்பார்கள். அவர் கட்டிலில் இல்லை. கையில் ஊசி குத்திய இடத்தில் பஞ்சோடு, நடையோரத்துக் கைகழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். படிவத்தை நீட்டினேன். அப்போதுதான் அந்த வெங்காயத் தோட்டக்காரர் வந்தார். தோளில் ஒரு துவாய், கையில் ஒரு சுடுதண்ணீர்ப் போத்தல்.

“மிஸ், நீங்களும் இஞ்சையோ? அதுதான் ஒரு கிழமையாய்க் காணேல்லை. சின்னவன் நேற்றுத் தொடக்கம் இஞ்சை. உதடும் நகமும் நீலம் பாஞ்சிட்டுது. ஒட்சிசன் பிடிச்சும் நிறம் திரும்பேல்லை. இரத்தம் எடுத்திருக்கினம், இன்னும் ஒண்டும் சொல்லேல்லை.”

“அந்தப் போத்திலுக்கை என்ன?”

“சுடுதண்ணி, மிஸ். வீட்டிலையிருந்து காவிக்கொண்டு வாறன். ஆஸ்பத்திரித் தண்ணியை நம்பேலுமே? எங்கடை கிணத்துத் தண்ணி. இருபது நிமிசம் கொதிக்க வைச்சது.” அவருடைய முகத்தில், அந்த நிலையிலும், ஒரு பெருமை இருந்தது.

மிஸ் என்னைப் பார்த்தார். நான் படிவத்தைப் பார்த்தேன்.

பிறகு அவர் போத்தலைப் பறித்தார். மூடி கழன்று ஓடியது. தண்ணீரை அப்படியே தொட்டிக்குள் கவிழ்த்தார். ஆவி எழும்பி அவர் முகத்தை மறைத்தது.

“கொதிக்க வைக்கக் கூடாது! கொதிக்கக் கொதிக்கத் தண்ணிதான் வத்தும், அது வத்தாது. உங்கடை கிணத்திலை தோட்டத்துப் பசளை இறங்கிக் கிடக்கு. நைத்திரேற்று. அந்தச் சொல்லை டொக்டரிட்டைச் சொல்லுங்கோ. கிணத்துத் தண்ணியிலை பால் கரைச்சனாங்கள் எண்டு சொல்லுங்கோ. ஓடுங்கோ!”

தோட்டக்காரர் ஓடவில்லை. “உங்களுக்கு எப்பயிருந்து தெரியும்?” என்றார்.

“நாப்பத்தேழு நாளாய்.”

“தெரிஞ்சுகொண்டே... அதுக்குத்தான் தண்ணி காவினியளோ?”

“ஓம்.”

“வாயாலை ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் நான் கிணத்திலை அள்ளாமல் கடையிலை வாங்கியிருப்பன், மிஸ்!” பிறகுதான் ஓடினார்.

மிஸ் நிலத்தில் இருந்துவிட்டார். “வெறும் ஏனத்தைத்தான் குடுத்திருக்கிறன், சேர்” என்றார். “இவ்வளவு நாளும் வெறும் ஏனம்.” நான் படிவத்தைக் கட்டிலில் வைத்துவிட்டு வந்தேன். ஒப்பமிட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளடி போட்டிருந்தேன்.

பிள்ளைக்கு அன்று மாலையே நிறம் திரும்பியது என்று பிறகு அறிந்தேன்.

முறைப்பாடு கொடுத்தவர் தோட்டக்காரர் அல்லர், அவருடைய தமையன். காணியின் ஒரு பகுதியை விற்கப் பேசி வைத்திருந்தவர். கிணற்றுப் பெயர் ஊரில் அடிபட்டதும் வாங்க வந்தவர் பின்வாங்கிவிட்டார். “கடற்கரையிலை உவர்த்தண்ணி குடிச்சு வளந்தவ வந்து எங்கடை நல்ல தண்ணியைப் பழிக்கிறாவோ?” என்று என் அலுவலகத்தில் நின்று கத்தினார். எழுதித் தாருங்கள் என்றேன். எழுதித் தந்தார்.

குழுவுக்கு மிஸ் அனுமதி கோரிய கடிதத்தை எடுத்துப் பார்க்க நேரம் கிடைக்கவில்லை. குற்றப்பத்திரம் நாலு நாளில் தயாரானது. அதை வரைந்தவன் நான். அதில் ஒரு சொல்லையும் இன்றைக்கும் மாற்ற வேண்டியிராது.

விசாரணை நாளன்று தோட்டக்காரர் வந்தார். பிள்ளையின் கிளினிக் அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வெளியே வேப்பமரத்தின் கீழ் காலையிலிருந்து நின்றார். “மிஸ்ஸுக்காக ஒரு சொல்லுச் சொல்ல விடுங்கோ, ஐயா” என்று என்னைக் கேட்டார். அழைக்கப்படாதவரின் சாட்சியத்தைப் பதிய இடமில்லை என்று விளக்கினேன். மரியாதையாகத்தான் விளக்கினேன். ஒரு கதிரையும் போடச் சொன்னேன்.

உள்ளே மிஸ் ஒரே ஒரு வாதம்தான் சொன்னார்: முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டியவர்கள் தரவில்லை, நாற்பத்தேழாம் நாள்தான் வாய் திறந்தேன். குழுத் தலைவர் என் பக்கம் திரும்பினார்.

“செயலாளர், பதிலுக்குரிய காலம் முடிந்திருந்ததா?”

அவ்விடத்தில் 'ஓம்' என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். குழுவில் ஒருவரும் கோவையைத் திறந்து பார்த்திருக்கமாட்டார்கள். நான் சொன்னேன்: “உரிய வழியூடாகக் கடிதம் கிடைத்தது இருபத்தோராம் நாளில். அதிலிருந்து எண்ணினால், சம்பவம் நடந்தது இருபத்தாறாம் நாள். இன்னும் நாலு நாள் இருந்தது.”

அத்தோடு முடிந்தது. நியமனம் உறுதிப்படுத்தப்படவில்லை, ஒரு மாத முன்னறிவித்தல். நாற்பது கிணறுகளின் பெறுபேறுகள் அலுமாரிக்குள் போயின. பாடத்தை அடுத்த ஆண்டு 'ஆளணி இன்மையால்' நிறுத்தினார்கள். தூரநோக்குக் கூற்று அப்படியே தொங்கியது.

நடையோரத்தில் அவர் என்னைத் தாண்டிப் போகும்போது நின்றார். “சேர் சொன்னது சரி. எண்ணிப் பாத்தனான், இருபத்தாறுதான்” என்றார். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். சரிபார்த்த ஒருவரின் குரல்தான் இருந்தது.

அறையை விட்டுப் போன காலையில் எங்கள் வேலிப் படலையடியில் ஒரு கான் இருந்தது. அவருடையது. நிறையத் தண்ணீர். மூடியில் ஒட்டியிருந்த துண்டில், மாதிரிகளுக்கு எழுதுவது போலவே, 'நல்ல தண்ணி' என்று எழுதியிருந்தார். மனைவி மறைந்து அப்போது ஆறு மாதம். மூன்று வருடம் எங்கள் தட்டுகளைத் திருப்பித் தந்தவர் அவர். அந்தக் கானை எங்கே திருப்பிக் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. தீவுப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கிறார் என்றார்கள். கடல் கடந்துவிட்டார் என்றார்கள். குருநகரில் விசாரித்தேன். தாய் இறந்து வீடு பூட்டிக் கிடந்தது.

நான் அடுத்த ஆண்டு ஓய்வுபெற்றேன். பிரிவுபசாரத்தில் என்னை நடமாடும் விதிக்கோவை என்றார்கள். கைதட்டினார்கள்.

தோட்டக்காரர் மட்டும் ஒவ்வோர் ஆடிப்பிறப்புக்கும் மகனை மோட்டார்சைக்கிளின் முன்னால் இருத்திக்கொண்டு, ஒரு தூக்குச்சட்டி ஆடிக்கூழோடு மிஸ் இருந்த அறைக்கு வந்தார். அறை பூட்டியிருக்கும். பிறகு என் படலையைத் தட்டுவார். “மிஸ்ஸின்ரை பங்கு, ஐயா. அண்டைக்கு அவவை ஏசிப்போட்டன். ஒருக்கால் கண்டு சொல்ல வேணும். வந்தால் குடுங்கோ, வராட்டில் நீங்கள் குடியுங்கோ.” கூழ் அடுத்த நாளுக்கு நில்லாது. நான்தான் குடித்தேன். அவர் என்னை நல்லவன் என்று நினைத்திருந்தார். மிஸ்ஸுக்கு வேண்டியவன் என்று. தொலைபேசியில் நான் வேண்டாம் என்று சொன்ன விலாசம் தன்னுடையது என்று அவருக்குத் தெரியாது. சட்டியைக் கழுவி, ஏதாவது ஒரு பழத்தைப் போட்டுக் கொடுத்தனுப்புவேன்.

இந்த முறை அவர் வருவதற்கு ஒரு மணித்தியாலம் முன்னதாக, என் பழைய அலுவலகத்திலிருந்து எழுதுவினைஞர் ஒருவர் வந்தார்.

“ஐயா, அந்த மிஸ்ஸின்ரை விலாசம் தெரியுமோ? அவவின்ரை கடிதத்துக்குப் பதில் வந்திருக்கு. எங்கை அனுப்பிறதெண்டு ஒருத்தருக்கும் தெரியேல்லை.”

வாங்கி வாசித்தேன். பிழையில்லாத கடிதம். 'செயலாளரால் திருப்பி அனுப்பப்பட்டு, உரிய வழியூடாக மீளச் சமர்ப்பிக்கப்பட்ட தங்கள் கடிதம் தொடர்பாக. கைக்குழந்தை உள்ள வீட்டாருக்கு மாத்திரம் பெறுபேற்றைத் தெரிவிக்க இத்தால் அனுமதி வழங்கப்படுகிறது.' செயலாளர் என்ற இடத்தில் அடைப்புக்குள் என் பெயர் இருந்தது. நான் சேர்ப்பித்துவிடுகிறேன் என்று சொல்லி, ஒப்பமிட்டு வாங்கிக்கொண்டேன்.

பிறகு அவர்கள் வந்தார்கள். சின்னவனுக்கு நாலு வயதாகப் போகிறது. தூக்குச்சட்டியை இரண்டு கையாலும் பிடித்து, சிந்தாமல், நாக்கைக் கடித்துக்கொண்டு படி ஏறினான். கூழை என் பாத்திரத்தில் ஊற்றிவிட்டுச் சட்டியைக் கழுவினேன். அன்று வீட்டில் பழம் இருக்கவில்லை. சீனி இருக்கவில்லை. தனியாக இருப்பவனின் அலுமாரியில் என்ன இருக்கும்? அதன் எல்லாத் தட்டுகளையும் துழாவிப் பார்த்துவிட்டேன்.

வேறொருவருக்கு முகவரியிட்ட கடிதத்தை மூன்றாம் ஆளுக்குக் கொடுக்க எந்த விதியிலும் இடமில்லை. துடைத்து ஈரம் போக்கிய சட்டிக்குள் அதை மடித்து வைத்து மூடினேன்.

“இதென்ன ஐயா, ஒண்டும் ஆடேல்லை?” என்று தோட்டக்காரர் குலுக்கிப் பார்த்தார்.

“மிஸ்ஸுக்கு வந்த பதில். வீட்டை போய் வாசியுங்கோ. ரண்டாவது வரியிலை என்ரை பேர் கிடக்கு. வாசிச்ச பிறகு இஞ்சை வாறதோ இல்லையோ எண்டு யோசியுங்கோ.”

அவர் விளங்காமல் சிரித்தார். சின்னவன் சட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். மோட்டார்சைக்கிள் தெரு முடக்கால் திரும்பி மறைந்தது. பழக்கதோஷத்தில் உள்ளே போய் நாட்குறிப்பில் பதிந்தேன்: பதில் கிடைத்தது, ஆடி முதலாந் திகதி.